அடுப்பு முதல் தரம், அரைவை சுமார்: ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு நிலக்கரி ஆய்வகம்

ராணிப்பேட்டை சிப்காட் சுற்றுவட்டாரத்தில் நிலக்கரியைத் தனிமம் தனிமமாகப் பிரித்து ரிப்போர்ட் தரும் தனியார் ஆய்வகம் ஒன்றின் சேவையைப் பற்றிய மதிப்புரை இது. குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயர் வேண்டாம். இதே கேள்விகளை எந்த ஆய்வகத்திலும் கேட்கலாம், அது வேலூரில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கார்பனுக்கும் கந்தகத்துக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். நைட்ரஜன் பரவாயில்லை. சாம்பலின் ஆக்சைடுகள் நன்றாக வருகின்றன, உருகுநிலைக்கு மட்டும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும். பாதரசத்துக்குக் கொடுக்கவே வேண்டாம். இயந்திரங்கள் இருக்கும் குளிர்சாதன அறையைவிட, அதற்கு முந்தைய தூசி படிந்த அரைவை அறைதான் இங்கே பலவீனம்.

ஜிசிவி, அதாவது கரியின் மொத்த வெப்பமதிப்பு, மட்டும் பார்த்து லோடு வாங்குகிறவர், தனிமம் தனிமமாகப் பிரிக்கும் இந்த அல்டிமேட் டெஸ்ட்டெல்லாம் எதற்கு என்று கேட்பது நியாயம்தான். பாய்லர் திறனை ஐஎஸ் 8753 என்ற இந்தியத் தரநிலைப்படி, நஷ்டங்களை ஒவ்வொன்றாகக் கழிக்கும் மறைமுக முறையில் கணக்கிட வேண்டுமென்றால் கார்பன், ஹைட்ரஜன், கந்தகம், ஆக்சிஜன் நான்கும் தெரிய வேண்டும். எரிவதற்கு எவ்வளவு காற்று தேவை என்பது இவற்றிலிருந்துதான் வருகிறது. கார்பனை 11.6-ஆல் பெருக்குங்கள். ஹைட்ரஜனிலிருந்து ஆக்சிஜனில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து 34.8-ஆல் பெருக்குங்கள். கந்தகத்தை 4.35-ஆல் பெருக்குங்கள். மூன்றையும் கூட்டி நூறால் வகுத்தால் ஒரு கிலோ நிலக்கரிக்கு வேண்டிய காற்று கிலோவில் கிடைக்கும். கார்பன் 58, ஹைட்ரஜன் 4, ஆக்சிஜன் 16.5, கந்தகம் 0.6 சதவீதம் உள்ள கரிக்குச் சுமார் 7.4 கிலோ. அந்த 0.6 சதவீதக் கந்தகம் டன்னுக்கு 12 கிலோ வரை கந்தக டை ஆக்சைடாகப் போகும். அதில் ஒரு சிறு பங்கு மேலும் ஆக்சிஜன் ஏறி, பாய்லருக்குள் போகும் காற்றைச் சூடாக்கும் ஏர் ப்ரீஹீட்டரின் குளிர்ந்த முனையில் அமிலமாகப் படிந்து குழாயைத் தின்னும். ஏர் ப்ரீஹீட்டர் செய்யும் பெல் தொழிற்சாலை இருக்கும் ஊரில் இதை விளக்க ஆள் தேட வேண்டியதில்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஈரம், சாம்பல், ஆவியாகும் பொருள் என்று பிரிக்கும் ப்ராக்ஸிமேட் ரிப்போர்ட்டில் வரும் நிலைக் கார்பன் வேறு, அல்டிமேட்டில் வரும் மொத்தக் கார்பன் வேறு. ஆவியாகிப் போகும் பொருளிலும் கார்பன் நிறைய இருக்கிறது. இந்தோனேசியக் கரியில் நிலைக் கார்பன் 40 சதவீதமும் மொத்தக் கார்பன் 58 சதவீதமும் இருப்பது இயல்பு. ரிப்போர்ட் தப்பு என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

இனி சாம்பிள். ஆம்பூரில் தேக்சாவின் மேற்பக்கம் மட்டும் கரண்டி போட்டால் சோறுதான் வரும், கறி வராது. லாரி லோடும் அப்படித்தான். கொட்டும்போது பெரிய கட்டி குவியலின் ஓரத்துக்கு உருண்டுவிடும், தூள் நடுவில் தங்கிவிடும். சாம்பலும் கந்தகமும் கட்டியில் ஒரு அளவு, தூளில் இன்னொரு அளவு. குவியல் மேலிருந்து இரண்டு கை அள்ளிப் பையில் கட்டிக் கொடுத்தால், எவ்வளவு நல்ல இயந்திரத்தில் அளந்தாலும் அந்த இரண்டு கைக்கான விடைதான் வரும். இந்த ஆய்வகம் ஆளனுப்பிச் சாம்பிள் எடுக்கும் சேவையும் வைத்திருக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லோடு இறங்க இறங்க, இடைவெளி விட்டு, பல தடவை அள்ளுகிறார்கள். கட்டியை ஒதுக்கிவிட்டுத் தூளை மட்டும் வாரும் பழக்கம் அவர்களிடம் இல்லை. பிறகு நொறுக்கி, ரிஃபிள் பெட்டியில் பாதி பாதியாகப் பிரிக்கிறார்கள். 2.8 மில்லிமீட்டருக்கு நொறுக்கிய கரியை 650 கிராமுக்குக் கீழே குறைக்கக் கூடாது. 1 மில்லிமீட்டருக்கு வந்த பிறகு 100 கிராம் போதும். கட்டி கட்டியாக அரைக் கிலோ கொண்டுவந்து கொடுப்பவர்கள் இந்தக் கணக்கை யோசிக்க வேண்டும்.

மொத்த ஈரத்துக்கான சாம்பிள் தனிப் பையில், இரட்டை பாலிதீன் உறையில், காற்றை வெளியேற்றிக் கட்டி, அதே நாளில் போய்ச் சேர வேண்டும். கத்திரி வெயிலில் வேலூர்ப் பக்கம் பைக் டிக்கியில் இரண்டு மணி நேரம் வைத்த பையின் உள்சுவரைப் பார்த்தாலே தெரியும், நிலக்கரியில் இருந்த தண்ணீர் அங்கே முத்து முத்தாக நிற்கும். பையைத் திறந்து கரியை மட்டும் கொட்டி எடை போட்டால் அந்தத் தண்ணீர் கணக்கில் வராது. சரியான வழி, பையோடு எடை போட்டு, பையையும் உலர்த்தி, அந்த எடையையும் சேர்ப்பது. இங்கே அதைச் செய்கிறார்கள். சிறிய விஷயம், ஆனால் பாராட்டலாம்.

அரைவை அறைக்குள் போனால் பாராட்டு நின்றுவிடுகிறது. ஐஎஸ் 1350 முறைக்கு இறுதிச் சாம்பிள் முழுவதும் 212 மைக்ரான் சல்லடையில் இறங்க வேண்டும். முழுவதும் என்ற சொல்தான் இதில் முக்கியம். கரி மென்மையானது, சீக்கிரம் பொடியாகும். கல்லும், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமமான பைரைட்டும் கடினமானவை, சல்லடை மேலேயே நிற்கும். அப்படி நின்றதைத் தட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, இறங்கியதை மட்டும் பாட்டிலில் அடைத்தால் சாம்பலும் கந்தகமும் குறைந்து, கார்பன் கூடி வரும். விற்பவருக்குக் கொண்டாட்டம்தான். இந்த ஆய்வகத்தில் ஒரு ஷிஃப்ட் ஆட்கள் நின்றதைத் திரும்ப அரைக்கிறார்கள், இன்னொரு ஷிஃப்ட்டில் தட்டிவிடுகிறார்கள். ஒரே கரியைப் பிரித்து இரண்டு சாம்பிள் எண்களில் கொடுத்துப் பார்த்தபோது, கார்பன் இயந்திரம் சரியாக இருந்தும் இரண்டு ரிப்போர்ட்டிலும் சாம்பல் ஒத்துப்போகாததற்குக் காரணம் இதுதான். சாம்பல் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஒரே ஆய்வகத்தின் இரண்டு அளவீடுகளுக்கு இடையே 0.2 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. இங்கே வந்தது அதற்கு மேல்.

அரைவையில் சூடு ஏறுவதும் பிரச்சினை. தட்டு அரைவையை நிறுத்தாமல் ஓட்டினால் கரி கைக்குச் சுடும் அளவுக்குப் போய் ஈரத்தை இழக்கும். மலிவான கரியில், அதாவது ஈரமும் ஆக்சிஜனும் அதிகமுள்ள கரியில், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்வதும் நடக்கும். நிறுத்தி நிறுத்தி அரைக்க வேண்டும். ஒரு சாம்பிளுக்கும் அடுத்ததற்கும் நடுவே காற்றடித்துத் துடைத்து, அடுத்த கரியில் ஒரு கைப்பிடி போட்டு அரைத்துக் கொட்டிவிட்டுத் தொடங்குவதுதான் முறை. இதைச் செய்யச் சொல்லிக் கேட்டால் செய்கிறார்கள். கேட்காவிட்டால் அவசரத்தைப் பொறுத்தது.

அரைத்த பொடி அறைக் காற்றோடு சமநிலைக்கு வந்த பிறகே எடை போட வேண்டும், அதன் ஈரத்தையும் அன்றே அளக்க வேண்டும். பலரும் சறுக்கும் இடம் இது. காலையில் 14 சதவீத ஈரத்தோடு இருந்த பொடி, குளிர்சாதன அறையில் திறந்த தட்டில் கிடந்து மாலையில் 11 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால், காலையில் 58 என்று வந்திருக்க வேண்டிய கார்பன் மாலையில் 60 என்று வரும். கரி மாறவில்லை, இயந்திரமும் பொய் சொல்லவில்லை. ஈரத்தைத் திங்கட்கிழமை அளந்து கார்பனைப் புதன்கிழமை ஓட்டிய ரிப்போர்ட்டில் தேதிகளைப் பாருங்கள். இந்த ஆய்வகம் இரண்டு தேதிகளையும் அச்சிடுகிறது. பல இடங்களில் அதுகூட இருப்பதில்லை.

ரிப்போர்ட் எந்த அடிப்படையில் இருக்கிறது என்பதும் இதோடு சேர்ந்தது. வந்தபடி, காற்றில் உலர்ந்தபடி, முழு உலர்வு, ஈரமும் சாம்பலும் நீங்கியது என்று நான்கு. விற்பவர் காற்றில் உலர்ந்த கணக்கில் 5,200 கிலோகலோரி என்று சொல்வார். மொத்த ஈரம் 30, காற்றில் உலர்ந்த ஈரம் 14 என்றால், நூறிலிருந்து இரண்டையும் தனித்தனியே கழித்து, 70-ஐ 86-ஆல் வகுத்துப் பெருக்க வேண்டும். உங்கள் எடைமேடையில் ஏறிய கரிக்கு 4,230 கிலோகலோரிதான். இதே பெருக்கல் கார்பன், கந்தகம், சாம்பல், நைட்ரஜன் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஹைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் மட்டும் நேரடியாகப் பொருந்தாது, ஏனென்றால் தண்ணீரிலும் அவை இருக்கின்றன.

அந்த ஹைட்ரஜன் விஷயத்தில் இங்கே கேட்டே தீர வேண்டிய ஒன்று உண்டு. எரிப்பு இயந்திரம் வெளியே வரும் நீராவியை அளக்கிறது. கரியிலேயே கட்டுண்டிருந்த ஹைட்ரஜனுக்கும் ஈரத்தில் இருந்த ஹைட்ரஜனுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. ஈரத்தை 0.1119-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். ஈரம் 14 சதவீதம் என்றால் 1.57 கழியும். திரையில் 5.6 என்று வந்தால் உண்மையில் 4.03. கழிக்காத எண்ணை வைத்து நிகர வெப்பமதிப்பு கணக்கிட்டு, அதோடு ஈரத்தையும் தனியாகக் கழித்தால் ஒரே தண்ணீரை இரண்டு முறை கழித்ததாகும். கிலோவுக்கு 80 கிலோகலோரி வெறும் கணக்கிலேயே காணாமல் போகும். இவர்கள் கழித்துத்தான் தருகிறார்கள், ஆனால் ரிப்போர்ட்டில் ஒரு வரி அதைப் பற்றி இல்லை. எழுதச் சொல்லுங்கள்.

கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் மூன்றுக்கும் இவர்கள் வைத்திருப்பது ஏறத்தாழ 950 டிகிரி அடுப்பில் தூய ஆக்சிஜனில் எரிக்கும் பெரிய வகைக் கருவி, அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்டிஎம் டி5373 முறை. கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் அகச்சிவப்புக் கதிரால் அளக்கிறது, நைட்ரஜனை ஹீலியத்தோடு ஒப்பிட்டு வெப்பம் கடத்தும் திறனால் அளக்கிறது. ஒரு தடவைக்கு 100 மில்லிகிராம் கரி. இந்த எடைதான் இவர்களை நம்புவதற்கு முதல் காரணம். கல்லூரி ஆய்வகங்களில் மருந்துப் பொருளுக்காக வாங்கிய சிறிய வகைக் கருவி இருக்கும், அது 2 மில்லிகிராமில் ஓடும். தூய ரசாயனத்துக்கு அது அருமை. நிலக்கரி தூய ரசாயனம் அல்ல. 200 மைக்ரான் பைரைட் மணி ஒன்றின் எடை சுமார் 0.02 மில்லிகிராம், அதில் பாதிக்கு மேல் கந்தகம். 2 மில்லிகிராம் கரியில் அந்த ஒரு மணி விழுந்தால் கந்தகம் அரை சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். விழாவிட்டால் இறங்கிவிடும். 100 மில்லிகிராமில் அதே மணி 0.01 சதவீதம்தான். சிறிய கருவியில் ஐந்து தடவை ஓட்டி ஐந்து விடை வாங்கிக்கொண்டு குழம்புகிறவர்கள் கருவியைப் பழிப்பதில் நியாயமில்லை.

அளவுதிருத்தத்துக்கு ஈடிடிஏ என்ற தூய ரசாயனத்தை வைக்கிறார்கள். அதில் கார்பன் 41.1, ஹைட்ரஜன் 5.5, நைட்ரஜன் 9.59 சதவீதம். ஆனால் அதோடு நிறுத்துவது போதாது. ஈடிடிஏ சுலபமாக எரியும், நிலக்கரி அவ்வளவு சுலபமாக எரியாது. அதனால் சான்றளிக்கப்பட்ட நிலக்கரி மாதிரி ஒன்றையும், அமெரிக்கத் தர நிறுவனமான என்ஐஎஸ்டியின் 1632 வரிசை போன்றதை, நடுநடுவே ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டு வரைபடத்தைக் கவுன்ட்டரில் கேட்டதும் எடுத்துக் காட்டினார்கள். கார்பனில் ஒரே ஆய்வகத்தின் இரண்டு அளவீடுகள் 0.25-க்குள்ளும், இரண்டு ஆய்வகங்கள் 0.5-க்குள்ளும் நிற்க வேண்டும். ஹைட்ரஜனுக்கு 0.12, 0.25. இரட்டைச் சாம்பிளில் சாம்பலின் வித்தியாசத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் இவர்கள் இதற்குள் நிற்கிறார்கள்.

இந்தக் கருவியில் கெட்டுப்போகக்கூடியவை இரண்டு. ஆக்சிஜன் குறைந்தாலோ கரியை அதிகம் போட்டாலோ முழுதாக எரியாமல் புகைக்கரி படியும். கார்பன் குறைந்து வரும், அடுத்த சாம்பிளில் கூடி வரும். இரண்டாவது, நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகக் குறைக்கும் செம்பு. அது தீர்ந்துபோனால் மிச்ச ஆக்சிஜனும் தாண்டி வந்து நைட்ரஜன் போல வேடம் போடும், எண் ஏறும். நிலக்கரியில் நைட்ரஜன் பெரும்பாலும் 1 முதல் 2 சதவீதம். ரிப்போர்ட்டில் 2.8 என்று பார்த்தால் செம்பை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். டின் உறையில் அடைக்கும்போது உள்ளே சிக்கும் காற்றும் நைட்ரஜன்தான். 2 மில்லிகிராம் கருவியில் 10 மைக்ரோலிட்டர் காற்று சிக்கினால் 0.4 சதவீதத்துக்கு மேல் கூடும், பெரிய கருவியில் தெரியவே தெரியாது. பழைய கெல்டால் முறை இவர்களிடம் இல்லை, நஷ்டமில்லை. நிலக்கரியில் நைட்ரஜன் வளையங்களுக்குள் இறுகிக் கிடப்பதால் கந்தக அமிலத்தில் மணிக்கணக்கில் கொதித்தாலும் கொஞ்சம் மிஞ்சும்.

கந்தகத்துக்கு இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். தினசரிக்கு 1350 டிகிரிக் குழாய் அடுப்பு, ஏஎஸ்டிஎம் டி4239. பீங்கான் படகில் 0.3 கிராம் கரி, ஆக்சிஜன் ஓட்டம், கந்தக டை ஆக்சைடை அகச்சிவப்பால் அளப்பது, இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். 1350 என்பது சும்மா வைத்த எண் அல்ல. சாம்பலில் சுண்ணாம்பு அதிகமுள்ள கரியில், குறிப்பாக லிக்னைட்டில், கந்தகம் கால்சியம் சல்பேட்டாக மாறி உட்கார்ந்துகொள்ளும். குறைந்த சூட்டில் அது பிரியாது. நெய்வேலி லிக்னைட்டைக் கலந்து எரிப்பவர்கள் அடுப்பின் வெப்பநிலையை ரிப்போர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம். வாயு வரும் வழியில் ஈரம் உறிஞ்ச மக்னீசியம் பெர்குளோரேட் வைத்திருப்பார்கள். அது ஈரத்தில் ஊறிக் கட்டியானால் கந்தக டை ஆக்சைடையும் பிடித்துவைத்துக்கொண்டு எண்ணைக் குறைக்கும். ஈரம் 30 சதவீதமுள்ள கரியை உலர்த்தாமல் வரிசையாக ஓட்டும் நாளில் அந்தக் குழாயை அடிக்கடி மாற்ற வேண்டும். மாற்றுகிறார்கள். பக்கத்திலேயே தேதி ஒட்டியிருக்கிறது.

தகராறு வந்தால் எஷ்கா முறை. இதைச் செய்ய ஆள் வைத்திருப்பது இவர்களுடைய பெரிய பலம். இன்றைக்குப் பல இடங்களில் பொத்தானை அழுத்தத் தெரிந்தவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். மக்னீசியம் ஆக்சைடு இரண்டு பங்கு, நீரற்ற சோடியம் கார்பனேட் ஒரு பங்கு, இதுதான் எஷ்கா கலவை. 1 கிராம் கரியோடு 3 கிராம் கலவையை நன்றாகக் கலந்து, மேலே இன்னும் கொஞ்சம் கலவையை மூடாக்கு மாதிரிப் போட்டு, குளிர்ந்த அடுப்பில் வைத்து மெதுவாக 800 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். அவசரப்பட்டுச் சூடான அடுப்பில் வைத்தால் ஆவியாகும் பொருள் குபுக்கென்று வெளியேறி, கலவை பிடிப்பதற்குள் கந்தகத்தையும் கொண்டுபோய்விடும். கறுப்புத் துகள் ஒன்றுகூட இல்லாமல் எரிந்த பிறகு வெந்நீரில் கரைத்து, வடித்து, லேசாக அமிலமாக்கி, கொதிக்கக் கொதிக்கப் பேரியம் குளோரைடைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வெள்ளையாகப் படியும் பேரியம் சல்பேட்டை வடிகட்டி, எரித்து, எடை போட்டு, 0.1374-ஆல் பெருக்கினால் கந்தகம். குளிர்ந்த கரைசலில் சடாரென்று ஊற்றினால் படிவு மாவு போல வந்து வடிதாளைத் தாண்டி ஓடும். வெறும் கலவையை மட்டும் வைத்து அதே வேலையை ஒரு தடவை செய்து கழிக்கவும் வேண்டும், கலவையிலேயே சல்பேட் இருக்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் இரண்டு அளவீடுகள் 0.05-க்குள் நிற்கும். முடிய ஒரு முழு நாள். அடுப்பு விடையும் எஷ்கா விடையும் இந்த ஆய்வகத்தில் 0.1-க்குள் ஒத்துவந்தன. அடுப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கு இதைவிட ஆதாரம் தேவையில்லை.

ஆக்சிஜனைப் பெரும்பாலும் யாரும் அளப்பதில்லை, கழித்துத்தான் எழுதுகிறார்கள். நூறிலிருந்து ஈரம், சாம்பல், கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், கந்தகம் போக மிச்சம். அரசனில்லாக் கோட்டை, நீரில்லா ஆறு, சாமியில்லாக் கோயில் என்று வேலூருக்கு ஒரு வரிசை உண்டு. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே திரும்பி வந்துவிட்டார், காலியான இடத்தில் அளக்காத ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்ளலாம். மற்ற ஆறிலும் இருக்கும் பிழை மொத்தமும் இந்த மிச்சத்தில் வந்து சேரும். அதை 16.53 என்று இரண்டு தசமத்தில் அச்சடிப்பது இவர்களும் செய்யும் அசட்டுத்தனம். சாம்பலும் துல்லியமான கழிவு அல்ல. களிமண்ணுக்குள் கட்டுண்ட நீர் 815 டிகிரியில் போய்விடும், பைரைட் இரும்பு ஆக்சைடாக மாறும், சுண்ணாம்புக்கல் கரியமில வாயுவை விடும். ஆகவே சாம்பல் அதிகமுள்ள இந்தியக் கரியில் இந்த ஆக்சிஜன் எண்ணை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சரிபார்ப்பு ஒன்று உண்டு, துலாங் கணக்கு. கார்பனை 80.8-ஆலும், ஆக்சிஜனில் எட்டில் ஒன்று கழித்த ஹைட்ரஜனை 345-ஆலும், கந்தகத்தை 22.4-ஆலும் பெருக்கிக் கூட்டினால் கிலோகலோரியில் ஜிசிவி வரும். மேலே சொன்ன 58, 4, 16.5, 0.6 கரிக்கு 5,370 பக்கம் வரும். ரிப்போர்ட்டில் அதே அடிப்படையில் ஜிசிவி 5,300-க்கும் 5,500-க்கும் நடுவே இருந்தால் சந்தேகப்பட ஒன்றுமில்லை. 4,800 என்றோ 5,900 என்றோ இருந்தால் இரண்டில் ஒன்று வேறு அடிப்படையில் எழுதப்பட்டிருக்கும், அல்லது இரண்டும் வேறு வேறு பாட்டிலில் இருந்து வந்திருக்கும். ஆக்சிஜன் 15 சதவீதத்தைத் தாண்டும் இளம் கரியில் இந்தக் கணக்கு ஐந்து சதவீதம்கூட விலகும், அதற்கு இடம் கொடுத்துப் பாருங்கள்.

சாம்பலின் உள்ளே இருக்கும் தனிமங்களுக்கு இவர்கள் எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி வைத்திருக்கிறார்கள். சாம்பலை லித்தியம் போரேட்டோடு பிளாட்டினக் கிண்ணத்தில் ஆயிரம் டிகிரிக்கு மேல் உருக்கிக் கண்ணாடி வில்லையாக வார்த்து அளக்கிறார்கள். சாம்பலை வெறுமனே அழுத்தி மாத்திரையாக்கி அளக்கும் மலிவு வழியைவிட இது எவ்வளவோ மேல், மணியின் பருமனும் கனிமத்தின் வகையும் விடையைக் கெடுக்காது. ஐந்து சதவீதச் சாம்பல் உள்ள கரியில் 1 கிராம் சாம்பலுக்கே 20 கிராம் கரி எரிக்க வேண்டும், ஆகவே இந்தச் சோதனைக்குப் பொடி நிறையக் கொடுங்கள். ஆக்சைடுகளைக் கூட்டினால் 98-க்கும் 102-க்கும் நடுவே வர வேண்டும். கந்தக ட்ரை ஆக்சைடை விட்டுவிட்டுக் கூட்டினால் சுண்ணாம்புச் சாம்பலில் அது எட்டாது.

சாம்பல் உருகிக் கிளிங்கராகக் கட்டும் தொல்லை இருப்பவர்களுக்கு இதில்தான் விடை. இரும்பு, கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம் ஆக்சைடுகளின் கூட்டுத்தொகையை, சிலிக்கா, அலுமினா, டைட்டானியா கூட்டுத்தொகையால் வகுத்துப் பாருங்கள். தெலங்கானாவின் சிங்கரேணிக் கரியில் சிலிக்காவும் அலுமினாவும் ஓங்கி நிற்கும், சாம்பல் நிறைய வரும், ஆனால் எளிதில் உருகாது. சில இந்தோனேசியக் கரியில் சாம்பல் ஐந்தே சதவீதம், அதில் இரும்பும் சுண்ணாம்பும் ஏறியிருக்கும், கரி எரியும் தட்டான கிரேட்டில் பாகாய் உருகி ஒட்டும். உருகுநிலைச் சோதனையில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த வாயுவில் சூடேற்றினீர்கள் என்பது. இரும்பு அதிகமுள்ள சாம்பல் ஆக்சிஜன் பற்றாத, கார்பன் மோனாக்சைடு கலந்த ஒடுக்கும் சூழலில் சீக்கிரம் இளகும், வெறும் காற்றில் தாமதமாக இளகும். கரிப் படுகையின் நடுவே இருப்பது ஒடுக்கும் சூழல். இவர்கள் காற்றில் மட்டும் ஓட்டுகிறார்கள், அதை ரிப்போர்ட்டில் சொல்வதும் இல்லை. அந்த எண்ணை நம்பி வாங்கிய கரி கிரேட்டில் கட்டினால் ஃபயர்மேனைத் திட்டிப் பயனில்லை.

மிகச் சிறு அளவுத் தனிமங்கள் பக்கம் வந்தால் தரம் இறங்குகிறது. பாதரசத்துக்குச் சாம்பிளை 105 டிகிரியில் உலர்த்திய பிறகு எடுக்கிறார்கள். பாதரசம் அதற்கு முன்பே கிளம்பத் தொடங்கிவிடும். அறை வெப்பத்தில் உலர்த்தி, கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, நேராக எரித்து, ஆவியைத் தங்கத்தில் பிடித்து, 253.7 நானோமீட்டர் ஒளியில் அளப்பதுதான் முறை. ஆர்சனிக்குக்கு நுண்ணலை அடுப்பில் அமிலச் செரிப்பு செய்து, தனிமங்களை நிறையால் பிரித்தறியும் ஐசிபி-எம்எஸ் கருவியில் ஓட்டுகிறார்கள். செரிப்பில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்தால் கருவியில் ஓடும் ஆர்கானும் அமிலத்தின் குளோரினும் சேர்ந்து 75 நிறையில் ஆர்சனிக்கின் இடத்தில் வந்து உட்காரும். இந்தக் கலப்பை நீக்கும் ஹீலியம் மோதல் அறையைப் போட்டிருந்தார்களா என்று கேளுங்கள். சிலிகேட்டுக்குள் இருப்பதை வெளியே கொண்டுவர ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் வேண்டும், அது இல்லாத செரிப்பில் அடியில் வெள்ளை வண்டல் நிற்கும்.

குரோமியம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ராணிப்பேட்டையில் அந்தச் சொல்லைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. தோல் பதனிடும் டேனரிகளின் பாய்லர் சாம்பலில் குரோமியம் வருகிறதே, கரியில் இருந்தா வேறு வழியிலா என்று பார்க்கச் சாம்பிள் கொடுப்பவர்கள் உண்டு. இந்த ஆய்வகத்தின் அரைவைக் கிண்ணம் குரோமியம் கலந்த எஃகு. தேய்மானம் கரிக்குள் போகும், அதை அளந்துவிட்டுக் கரியில் குரோமியம் என்று எழுதினால் யாருக்கும் உபயோகமில்லை. இந்த ஒரு சோதனைக்கு அகேட் கல்லுரலில் அரைக்கச் சொல்லுங்கள். வைத்திருக்கிறார்கள், தூசி தட்டி எடுக்க வேண்டியிருக்கும். குளோரினுக்கு இவர்களிடம் ஒழுங்கான வழி இல்லை.

ஆய்வகங்களை அங்கீகரிக்கும் என்ஏபிஎல்லின் முத்திரை ரிப்போர்ட்டின் மேல் இருக்கிறது. அங்கீகாரம் ஆய்வகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, சோதனை சோதனையாகத்தான். எண்களுக்கு அருகே நட்சத்திரக் குறி போட்டு, அங்கீகார வரம்புக்கு வெளியே என்று கீழே பொடி எழுத்தில் இருப்பவை இங்கே பாதரசம், ஆர்சனிக், உருகுநிலை. கட்டணம் ப்ராக்ஸிமேட்டைவிட அல்டிமேட்டுக்குப் பல மடங்கு. ஒவ்வொரு லோடுக்கும் கொடுக்க வேண்டியதில்லை. சுரங்கமோ விற்பவரோ மாறும்போது ஒரு முறை அல்டிமேட்டும் சாம்பல் ஆக்சைடும், மற்ற லோடுகளுக்கு ஈரம், சாம்பல், கந்தகம், ஜிசிவி போதும்.

மிச்சச் சாம்பிளை ஒரு மாதம் வைத்திருக்கிறார்கள், அதுவும் மூடி தளர்ந்த பிளாஸ்டிக் டப்பாவில். விற்பவரோடு தகராறு வருவது பெரும்பாலும் பில் வந்த பிறகு, அதாவது அந்த ஒரு மாதம் முடியும் நேரத்தில். இளம் கரிப் பொடி காற்றில் கிடந்தால் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு வெப்பமதிப்பை இழக்கும், இரண்டாவது சோதனை முதலாவதோடு ஒத்துப்போகாது. கொடுக்கும்போதே மூன்று பாட்டிலாகப் பிரிக்கச் சொல்லி, ஒன்றை நைட்ரஜன் ஊதி, மூடி மேல் டேப் சுற்றி, இரு தரப்பும் கையெழுத்திட்ட சீட்டு ஒட்டி வாங்கி வந்து உங்கள் அலமாரியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தனிக் கட்டணம் கேட்பதில்லை.